கட்டு மாற்ற அனுமதி கோருதல்

அந்த வீட்டில் அப்பாவின் தலைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டுமென்றால் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். வாயால் கேட்டால் நடக்காது. கெஞ்சினாலும் நடக்காது. அழுதும் பார்த்தாயிற்று. அழுகிறவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொல்வாரே தவிர, தலையைக் கொடுக்கமாட்டார்.

அப்பா முப்பத்தாறு வருடம் குடிநீர் அலுவலகத்தின் விடுப்புப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர். ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்த்த அலுவலகம். யாருக்குக் கல்யாணமானாலும், காய்ச்சலானாலும், பிள்ளை பிறந்தாலும் காகிதம் அவர் மேசை வழியாகத்தான் போகவேண்டும். மேலதிகாரி சரி என்று தலையாட்டிவிடுவார். அப்பா ஆட்டமாட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பதற்கு அங்கே வேறு உதாரணம் தேவைப்படவில்லை. அவர் கேட்கும் முதல் கேள்வி, "இணைப்பு எங்கே?" காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்று, கல்யாணம் என்றால் அழைப்பிதழ், ஏதாவது ஒன்று பின்னால் குத்தியிருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி, "நீங்க இல்லாதப்போ உங்க சீட்டை யார் பாத்துப்பாங்க?" இதற்குப் பதில் இல்லையென்றால் கல்யாணமே தள்ளிப்போகும். எல்லாம் சரியாக இருந்தாலும் அன்றைக்கே அனுமதித்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு ராத்திரியாவது காகிதம் அவர் மேசையில் தூங்கி எழ வேண்டும். 'இணைப்பெங்கே' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும், வைத்தவர் யாரென்று சுற்றறிக்கை விட்டுக் கேட்டாராம்.

இப்போது வயது எண்பத்து நான்கு. மறதி நோய் வந்து ஆறு வருடமாகிறது. மனைவி போனது மறந்துவிட்டது. மகளை யாரென்று தெரியவில்லை. சாப்பிட்ட சாப்பாடு கை காய்வதற்குள் மறந்துபோகிறது. விடுப்பு விதிகள் மட்டும் ஒன்று விடாமல் இருக்கின்றன.

தலையில் வந்த புண்ணை முதலில் பார்த்தவள் பெரியவள்தான். அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவள், சின்னவன். ஐம்பத்து மூன்று வயதிலும் அவள் பெரியவள்தான், நாற்பத்தெட்டு வயதிலும் அவன் சின்னவன்தான். முடியெல்லாம் விடைபெற்றுப் போன மண்டையில், நெற்றிக்குச் சற்று மேலே, பொருக்குத் தட்டிய ஒரு சிறு புண். ஜன்னல் கொக்கியில் இடித்துக்கொண்டார் என்று நினைத்து மஞ்சள் களிம்பு போட்டாள். அவர் சுரண்டினார், அது வளர்ந்தது. வருடக்கணக்காக வெறும் தலையோடு வெயிலில் நடந்தே அலுவலகம் போனவர் அவர். குடை பிடிப்பதும் ஒருவகை விடுப்புதான் என்ற கொள்கை. எலுமிச்சை அளவுக்கு வந்து, கசிந்து, நாறத் தொடங்கிய பிறகுதான் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். தோல் புற்றுநோய். முற்றியது. எலும்பைத் தொட்டுவிட்டது.

ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்து கட்டு மாற்ற ஒரு செவிலியரை ஏற்பாடு செய்தாள். கெட்டிக்காரப் பெண்மணி, கை பட்டால் பூ பட்டது போலிருக்கும். ஆனால் முதல் வாரம் யுத்தம். அப்பா அவர் கையைத் தட்டிவிட்டார், கத்தரிக்கோலை ஒளித்து வைத்தார், மூன்றாம் நாள் கைக்கடிகாரத்தைக் கடித்தார்.

கடித்த வாயைத் துடைத்துக்கொண்டு அப்பா கேட்டார்: "யாரைக் கேட்டு இதெல்லாம் செய்யறீங்க? எழுத்துல குடுத்தீங்களா?"

பெரியவள் மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தவள். பதினெட்டு வருடம் திட்டு வாங்கியே சம்பளம் வாங்கியவள். ஒரு ஆள் கத்தும்போது அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது அவளுக்கு மூன்றாவது வாக்கியத்தில் விளங்கிவிடும். ஒரு தாளை எடுத்து எழுதினாள்: 'அன்புள்ள அப்பா, கட்டு மாற்ற அனுமதி வேண்டும்.'

சிவப்புப் பென்சிலில் பதில் வந்தது. 'அலுவலகத்தில் உறவு கூடாது. திருப்பப்படுகிறது.'

'ஐயா' என்று மாற்றிக் கொடுத்தாள்.

"இணைப்பு எங்கே?"

பெரியவள் செவிலியரைப் பார்த்தாள். செவிலியர் ஒரு புதுத் துணிக்கட்டைப் பிரித்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அதைக் காகிதத்தின் பின்னால் குண்டூசியால் குத்தி, 'மாதிரி இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி நீட்டினாள். அப்பா துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு, 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கட்டின் மேல் போட்டிருந்த தொப்பியைத் தானே கழற்றித் தலையைக் குனிந்து கொடுத்தார். புண்ணைக் கழுவியபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அரசாணையை யார் எதிர்க்க முடியும்?

அன்றிலிருந்து அதுவே நடைமுறை. முந்தின நாளே விண்ணப்பம் போய்விடும். பெரியவள் அவரை 'சார்' என்று கூப்பிடப் பழகினாள். அவர் அவளை 'நீங்க' என்றார், பிரிவில் புதிதாகச் சேர்ந்த யாரோ என்று நினைப்பு. நாலு மாதமாக அவள் வாயில் 'அப்பா' என்ற வார்த்தை வரவில்லை. அது அவளுக்கு வலித்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இதில் செவிலியர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். "அக்கா, கவனிச்சீங்களா? வலி இருக்கற அன்னிக்கு ஒரே காகிதத்தை மூணு தடவை திருப்பி அனுப்பறார். மாத்திரை சரியா வேலை செய்யற அன்னிக்கு முதல் தடவையே பாஸ். வலிக்குதுன்னு அவரால சொல்ல முடியல, திருப்பி அனுப்பத்தான் தெரியுது." அதன்பிறகு கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை கொடுத்தார்கள். செவிலியரின் குறிப்பேட்டில் 'வலி' என்ற கட்டத்துக்குக் கீழே, எத்தனை முறை திருப்பி அனுப்பினார் என்ற எண் ஏறியது. அதைப் பார்த்துத் தோல் மருத்துவர் அளவைக் கூட்டினார், குறைத்தார்.

அந்த மருத்துவர்தான் ஒரு திங்கட்கிழமை அப்பாவையும் பெரியவளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். முதலில் அப்பாவிடமே சொன்னார். மூடி மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"சார், உங்க தலையில இருக்கறது புற்றுநோய்."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "அடடா. பாவம். அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"யாருக்கு சார்?"

"அந்தத் தலைக்காரருக்கு."

மருத்துவர் பெரியவள் பக்கம் திரும்பினார். வழி இரண்டு. ஒன்று, பெரிய அறுவை சிகிச்சை. புண்ணோடு எலும்பையும் வெட்டியெடுத்து, முதுகிலிருந்து சதை எடுத்து மூட வேண்டும். ஏழெட்டு மணி நேரம் மயக்கம், மூன்று வாரம் ஆஸ்பத்திரி. ஒட்டுப்போட்ட இடத்தைச் சுரண்டாமலிருக்கக் கைகளைக் கட்டிவைக்க நேரலாம். இந்த வயதில், இந்த மறதியில், போன மாதிரியே திரும்பி வருவாரா என்பது சந்தேகம். நன்றாக நடந்தால் நோய் சில காலம் விலகி நிற்கும். இரண்டாவது, மூன்றே மூன்று தடவை கதிர்வீச்சு கொடுத்து ரத்தக் கசிவையும் வலியையும் அடக்கிவிட்டு, வீட்டில் வைத்துக் கட்டு மாற்றி, வலியில்லாமல் பார்த்துக்கொள்வது. நோய் போகாது. எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. ஊசி மருந்து ஒன்று உண்டு, ஆனால் அவருக்கு இருக்கும் வேறு கோளாறுகளுக்கு அது ஒத்துவராது.

"உங்களுக்கு எது வேணும்னு நான் கேக்கல. தெளிவா இருந்திருந்தா அவர் எதைச் சொல்லியிருப்பார்? அதை வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

"என் கல்யாண விஷயத்தையே முப்பது வருஷமா 'பரிசீலனையில் உள்ளது'ன்னு வெச்சிருக்கற மனுஷர், டாக்டர். அவர் என்ன சொல்லுவார்னு நான் எப்படிச் சொல்ல?"

சிரிக்கத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தப்பாகச் சொன்னால் அப்பாவைக் கொன்றவள் ஆவாள், அல்லது வதைத்தவள் ஆவாள். நாலு நாளில் சொல்ல வேண்டும்.

சின்னவன் தொலைபேசியிலேயே முடிவெடுத்துவிட்டான். "எல்லாத்தையும் செய்யணும் அக்கா. எதையும் விட்டுடக் கூடாது. நாளைக்கு நம்மளை யாரும் கேட்டுடக் கூடாது." நாலு மாதத்தில் ஒரு கட்டுகூட மாற்றாதவனுக்கு 'எல்லாம்' என்ற சொல் சுலபமாக வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். பெரியவள் அதைச் சொல்லவில்லை. புகார் தொலைபேசிக் குரலில், "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஒரு பெட்டியும், இணையத்திலிருந்து அச்செடுத்த ஒரு கட்டுக் காகிதமுமாக வந்து இறங்கினான். நேரே கட்டு மாற்றும் நேரத்துக்கு வந்து மாட்டிக்கொண்டான். செவிலியர் பழைய துணியை நனைத்து மெல்ல உரித்தார். சின்னவன் ஒரு தடவை பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்திருந்தான்.

அப்பா குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்தத் தம்பிக்குத் தண்ணி குடுங்க. உடம்பு சரியில்லேன்னா லீவு போட்டிருக்கலாமே."

மதியம் தெம்பு வந்ததும் சின்னவன் அப்பாவின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான். "அப்பா, ஆபரேஷன் பண்ணிடலாம்ப்பா. நான் எல்லாம் படிச்சுட்டேன்."

"வாய்மொழியா எதையும் ஏத்துக்கறதில்ல."

"அப்பா, நான் உங்க பையன்."

"சிபாரிசும் ஏத்துக்கறதில்ல."

பெரியவள் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதினான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற வம்சம்தானே அவனும். அறுவை சிகிச்சை செய்ய உத்தரவு வேண்டும் என்று முடித்து, இணையத்துக் காகிதம் நாற்பதையும் பின்னால் இணைத்தான். இணைப்பு இருந்ததில் அப்பாவுக்குத் திருப்தி. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

சின்னவன் வாங்கிப் படித்தான். 'அறுவை யாருடைய தலைக்கு? அவரைக் கேட்டீர்களா? பணியாளரின் சம்மதம் இணைக்கப்படவில்லை. திருப்பப்படுகிறது.'

"அவரைத்தானேடா சாமி கேட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று சின்னவன் கத்தினான். கத்தியவன் அடுத்த நிமிடம் அந்தத் தாளையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். பெரியவள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து அதை வாங்கிப் படித்தாள். அவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

அன்று சாயங்காலம் அவள் ஒரு குறிப்பு எழுதினாள். நாலு தடவை கிழித்துப் போட்டாள். தனக்கு எந்தப் பக்கம் மனசு சாய்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வரியில் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் சமமாக வைக்காத குறிப்பை அப்பா மோந்து பார்த்தே திருப்பிவிடுவார். ஐந்தாவது சரியாக வந்தது. ஒரு பணியாளர், வயது எண்பத்து நான்கு. நோய் இன்னது. அறுவைக்கு அனுப்பினால் இன்ன நன்மை, இன்ன கஷ்டம். வீட்டில் வைத்தால் இன்ன நன்மை, இன்ன கஷ்டம். பணியாளரால் தன் விருப்பத்தைச் சொல்ல இயலவில்லை. தக்க உத்தரவு வேண்டப்படுகிறது. மருத்துவரின் கடிதத்தை இணைத்தாள். சின்னவனிடம் நீட்டினாள். அவன் ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொன்னான், மாற்றினாள்.

வியாழக்கிழமை காலை அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து, முகம் துடைத்து, சட்டைப் பொத்தான் போட்டு, ஜன்னலோர மேசையில் உட்காரவைத்தாள். காகிதத்தை வைத்தாள். பத்து மணி. பதினொன்று. சின்னவன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் போல. நடுவில் அப்பா காகிதத்தின் மேல் தலையை வைத்துக் கொஞ்சம் தூங்கினார். எழுந்தவர் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். பிறகு மணி அடிப்பது போல மேசையைத் தட்டினார். இருவரும் ஓடினார்கள்.

"இந்த மனுஷர் இப்ப எங்க இருக்கார்?"

"வீட்டுல சார். ஜன்னல் பக்கத்துல உக்காந்திருப்பார்."

"அழறாரா?"

"இல்ல சார். கட்டு மாத்தும்போது மட்டும் கொஞ்சம் கோபம் வரும்."

"வேலை ஏதாவது செய்யறாரா?"

பெரியவள் யோசித்தாள். "செய்யறார் சார். அவர் கையெழுத்து இல்லாம அங்க எதுவும் நடக்காது."

அப்பா தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. "யார் பாத்துக்கறா அவரை?"

"அவர் மகள் சார்."

"மகளுக்கு மாற்று யார்?"

பெரியவள் மேசையின் ஓரத்தைத் துடைத்தாள்.

"கேக்கறேன்ல? அந்தம்மா இல்லாதப்போ அந்த சீட்டை யார் பாத்துப்பாங்க?"

"யாரும் இல்ல சார்."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"ஒரு நாள் லீவுகூட எடுக்கலையா?" அப்பாவின் குரல் உயர்ந்தது. முப்பத்தாறு வருடத்தில் லீவு கேட்டவர்களைத்தான் அவர் கோபித்திருக்கிறார். லீவு கேட்காத ஒருத்தியை நினைத்து இப்போது கோபம் வந்தது. "என்ன நிர்வாகம் இது? மனுஷங்களா, மோட்டாரா? வேற வாரிசே இல்லையா அந்த வீட்டுல?"

"ஒரு மகன் இருக்கார் சார்," என்றான் சின்னவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்ன பண்றார்?"

"...கருத்து சொல்றார் சார்."

அப்பா சிவப்புப் பென்சிலை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார். கை நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை. எழுதி முடித்து இரண்டு தடவை படித்துவிட்டு நீட்டினார்.

'பணியாளர் மூத்தவர். இந்த வயதில் வெளியூர் மாற்றம் வேண்டாம். கையைக் கட்டி வேலை வாங்குவது விதியில் இல்லை. இருந்த இருக்கையிலேயே இருக்கட்டும். புண்ணைச் சுத்தமாக வைக்கவும். வலிக்கு மருந்து நேரம் தவறாமல் தரவும். மகளுக்கு நாளை மறுநாள் முதல் பதினைந்து நாள் விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. அந்நாட்களில் மகன் பொறுப்பேற்க வேண்டும். ஏற்கத் தவறினால் காரணம் கேட்கப்படும்.'

கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் இருந்தன. மாதம் சரியாக இருந்தது, வருடம் மட்டும் முப்பது வருடம் பின்னால் இருந்தது. வந்த அன்றைக்கே அவர் அனுமதித்த ஒரே காகிதம் அதுதான். பெரியவள் அதை மார்போடு வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கதவைச் சாத்தாமலே அழுதாள். சின்னவன் பின்னால் வந்து நின்றான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. "அக்கா, காரணம் கேப்பாராம்" என்றான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மருத்துவர் அதை நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். "சட்டத்துக்கு உங்க ரெண்டு பேர் கையெழுத்துதான் வேணும். இது செல்லாது. ஆனா நான் கேட்ட கேள்விக்குப் பதில் இதுலதான் இருக்கு. எனக்கு ஒரு பிரதி குடுங்க." கதிர்வீச்சுக்கு அடுத்த வாரத்தில் மூன்று நாள் குறித்தார். அழைத்துக்கொண்டு போவது யார் என்று கேட்டார். சின்னவன் கையைத் தூக்கினான்.

சனிக்கிழமை காலை பெரியவள் ஒரு சின்னப் பையோடு கூடத்துக்கு வந்தாள். வேலையில் சேர்ந்த நாள் முதலான தோழி ஒருத்தி கடலோரத்தில் இருக்கிறாள், அவள் வீட்டுக்கு. மாத்திரை நேரம், களிம்பு, தொப்பி, எந்தக் கரண்டியில் சாப்பிடுவார் என்பது வரை எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. இருந்தாலும் கால் நகரவில்லை. பதினைந்து நாளில் எதுவும் நடக்கலாம். அப்பாவின் ஜன்னலோரம் போய் நின்றாள்.

"யாரும்மா நீங்க?"

"லீவுல போறேன் சார்."

"அனுமதி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார். நீங்கதான் போட்டீங்க."

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "முகமே சரியில்லையே. ரொம்ப நாள் எடுக்கல போலிருக்கு. போய்ட்டு வாங்க. திரும்பி வந்து சேந்துட்டேன்னு எழுத்துல குடுக்கணும், மறந்துடாதீங்க."

"அதுவரைக்கும்..." பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களா சார்?"

"நான் எங்க போகப்போறேன்? எனக்கு மாற்றம் வேண்டாம்னு உத்தரவு ஆயிருக்கு." அவர் பக்கத்து நாற்காலியை, நாலு மாதமாக அவள் உட்கார்ந்து புண் துடைத்த அந்த நாற்காலியை, தன் பக்கம் இழுத்து, அதன் மேல் தன் தொப்பியை எடுத்து வைத்தார். "உங்க சீட்டை நான் பாத்துக்கறேன். வேற யாரையும் உக்கார விடமாட்டேன்."

"சரிப்பா," என்றாள் பெரியவள். வாய் தவறி வந்துவிட்டது. அப்பா அதைத் திருப்பி அனுப்பவில்லை.

வாசல் கேட்டைச் சாத்தும்போது உள்ளே சின்னவனின் குரலும், காகிதம் சரசரப்பதும் கேட்டன. தொடர்ந்து அப்பாவின் குரல், தெருவரைக்கும்.

"தம்பி, இணைப்பு எங்கே?"